புஜ்ஜி எங்கே போனான்?

குழந்தைகள் பார்க்கிற கார்ட்டூனைப் பற்றி நாற்பத்தைந்து வயசுக்காரி எழுத என்ன இருக்கிறது என்று நினைக்கிறீர்களா? சமையல் முடிகிறவரை குழந்தையை டி.வி. முன்னால் உட்கார வைப்பது யார்? நாம்தான். ‘ரெண்டு வாய் உள்ளே போகட்டும்’ என்று கார்ட்டூனைப் போட்டுவிட்டுச் சோறு ஊட்டுவது யார்? அதுவும் நாம்தான். அப்புறம் அபிப்பிராயம் சொல்லும் உரிமை மட்டும் நமக்கு இல்லையா, என்ன!

இப்போதெல்லாம் பழைய கார்ட்டூன்களையே மறுபடி புதுசாக எடுக்கிறார்கள். பழைய பட்டுப்புடவையைப் பிரித்துப் பெண்ணுக்குப் பாவாடை தைப்பது மாதிரி. சிலது அழகாக அமைந்துவிடுகிறது. சிலதைப் பார்த்தால், ‘புடவையாகவே பெட்டியில் இருந்திருக்கலாமே’ என்று தோன்றுகிறது.

டோராவையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 2000-ல் ஆரம்பித்த தொடர் அது. 2007-ல் சுட்டி டி.வி. தொடங்கிய பிறகு, தமிழ் பேசிக்கொண்டு நம் கூடத்துக்குள் வந்துவிட்டாள். அவளுடைய குரங்குக்கு இங்கிலீஷில் ‘பூட்ஸ்’ என்று பேர். தமிழில் எந்தப் புண்ணியவான் வைத்தாரோ, ‘புஜ்ஜி’! செருப்புக்கடை ஞாபகம் வருகிற பேர் எங்கே, மடியில் தூக்கி வைத்துக்கொள்ளத் தோன்றுகிற இந்தப் பேர் எங்கே! டோரா படம் போட்ட பை, புஜ்ஜி படம் போட்ட சட்டை என்று தாம்பரம் கடைத்தெரு முழுக்கத் தொங்கியது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும்.

என் பெரியவளுக்கு அப்போது நாலு வயசு. குள்ளநரி திருட வந்தால் போதும், “திருடக்கூடாது” என்று டி.வி.யைப் பார்த்துக் கத்துவாள். பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கும் என் மாமியாரும் கூடச் சேர்ந்து கத்துவார். அத்தை படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனாலும் டோரா கேட்ட கேள்வி ஒவ்வொன்றுக்கும் பேத்திக்கு முன்னால் பதில் சொல்லிவிடுவார். “ஆயா, நீ சொல்லாதே, நான்தான் சொல்லணும்” என்று தினம் ஒரு சண்டை!

கேள்வி கேட்டுவிட்டு டோரா நம்மையே பார்த்துக்கொண்டு சும்மா நிற்பாளே, அதை வீட்டு ஆண்கள் கேலி செய்வார்கள். குழந்தை யோசித்து வாய் திறப்பதற்காக வேண்டுமென்றே விட்ட இடைவெளி அது. நான் அதைப் பெரிய விஷயமாக நினைக்கிறேன். 2011-ல் அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தார் 60 குழந்தைகளை வைத்து ஒரு பரிசோதனை செய்தார்கள். எல்லோரும் 4 வயசுக் குழந்தைகள். சிலருக்குப் படபடவென்று காட்சி மாறும் ஸ்பாஞ்ச்பாப் கார்ட்டூன், சிலருக்கு நிதானமாகப் போகும் இன்னொன்று, மற்றவர்களுக்குக் காகிதமும் வண்ணக் குச்சியும். எல்லாம் 9 நிமிஷம்தான். உடனே சின்னச் சின்ன வேலைகள் கொடுத்துப் பார்த்ததில், வேகமான கார்ட்டூன் பார்த்த குழந்தைகள்தான் கவனத்திலும் பொறுமையிலும் பின்தங்கினார்கள். ‘அது 6 வயசுக்கு மேற்பட்டவர்களுக்காக எடுத்தது’ என்று கார்ட்டூன்காரர்கள் பதில் சொன்னார்கள். சரிதான், ஆனால் நம் வீட்டில் வயசு பார்த்தா ரிமோட்டை அழுத்துகிறோம்?

புது டோரா 2024-ல் வந்தாள். கம்ப்யூட்டரில் செய்தது, பொம்மைக்கடைப் பொம்மை மாதிரி பளபளவென்று இருக்கிறாள். அதில் ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. 2000-ல் டோராவுக்குக் குரல் கொடுத்த கேத்லீன் ஹெர்லெஸ் என்ற பெண், இந்தப் புதுத் தொடரில் டோராவின் அம்மாவாகப் பேசுகிறார். பெண் வளர்ந்து தாயானது போல! யோசனை சொன்னவருக்கு ஒரு சபாஷ் போடலாம்.

கஷ்டம் வேறு இடத்தில். என் கொழுந்தனும் ஓர்ப்படியும் இரண்டு பேருமே கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. அவர்களுடைய ஐந்து வயசுக் குட்டி பகலெல்லாம் எங்களோடுதான். அவள் பார்ப்பது போனில், இங்கிலீஷில். அதில் ஏது புஜ்ஜி? “அந்தக் குரங்கு புஜ்ஜிதானேம்மா?” என்று அத்தை ஆசையாகக் கேட்டால், “நோ ஆயா, பூட்ஸ்” என்கிறாள். கையகலத் திரை அவள் முகத்துக்கு மட்டும்தான் தெரிகிறது. அத்தை கொஞ்ச நேரம் எட்டி எட்டிப் பார்த்துவிட்டுக் கீரைக்குத் திரும்பிவிடுவார்.

எங்கள் நாவலூரில் இப்போது திரும்பின பக்கமெல்லாம் மாடி வீடுகள். ஆந்திரா, வங்காளம், வடக்கே என்று எங்கிருந்தெல்லாமோ வந்த குடும்பங்கள். குழந்தைகள் கீழே சேர்ந்து விளையாட இங்கிலீஷ் வேண்டியிருக்கிறது. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால், பார்த்த கதையை ஆயாவிடம் சொல்ல வாய் வராமல் ஒரு குழந்தை விழிப்பதைப் பார்த்தால் வயிறு என்னவோ செய்கிறது.

அதனால் எங்கள் வீட்டில் ஒரு ஏற்பாடு. போன் கிடையாது, பெரிய டி.வி.தான், ஆயா பக்கத்தில்தான். போகோ மாதிரிச் சேனல்களில் தமிழ் ஒலியும் உண்டு; ரிமோட்டில் மொழி மாற்றும் பொத்தானைத் தேடிப் பாருங்கள். நான்கு நாள் அழுதாள். ஐந்தாம் நாள் சோட்டா பீமுக்கு ஆயா சிரிக்க, அவளும் சிரித்தாள்.

சோட்டா பீம் நம் ஹைதராபாத்தில் தயாரானது, 2008-லிருந்து ஓடுகிறது. லட்டு தின்றால் பலம் வருமாம்! அமெரிக்கக் கார்ட்டூனில் பாப்பாய் கீரை தின்றான். நம் பிள்ளை ஏன் லட்டு தின்ன வேண்டும்? கேட்கிறபோதெல்லாம் நான் எள்ளுருண்டையும் கடலை உருண்டையும் பிடித்துக் கொடுத்துச் சமாளிக்கிறேன். இதைவிட எனக்குப் பிடிக்காதது காலியா விஷயம். குண்டாக இருக்கிற பையன் என்றால் பொறாமைக்காரன், அடி வாங்குகிறவன். கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிற பிள்ளைக்கு வகுப்பில் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டால் எடுக்க முடிகிறதா? அதே கம்பெனி 2019-ல் பீமைத் தவழும் குழந்தையாக்கி ‘மைட்டி லிட்டில் பீம்’ எடுத்தது. பேச்சே கிடையாது. புதுசாக எடுத்ததில் என் ஓட்டு இதற்குத்தான். வேடிக்கை என்னவென்றால், 2 வயசுக்குள் குழந்தைக்குத் திரையே காட்டாதீர்கள் என்று குழந்தை வைத்தியர்கள் சொல்கிறார்கள். அந்தக் கைக்குழந்தை பீமைப் பெரியவர்கள் நாம்தான் பார்க்க வேண்டும்! 2 முதல் 5 வயசு வரை ஒரு மணிக்கு மேல் வேண்டாம் என்பதும் அவர்கள் சொன்ன கணக்கு.

டாம் அண்ட் ஜெர்ரியையும் விடவில்லை. 1940-ல் பிறந்த பூனையும் எலியும். 1975-ல் குழந்தைகள் நிகழ்ச்சியில் அடிதடி கூடாது என்று இரண்டையும் சிநேகிதர்களாக்கி ஒரு தொடர் எடுத்தார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால், பிள்ளை பெற்றவளுக்குப் போடும் பத்தியச் சாப்பாடு மாதிரி உப்பில்லை, உறைப்பில்லை! பழையதில் இருக்கிற அடிதடி பொய் என்று ஐந்து வயசுக் குட்டிக்கே தெரிகிறது. கூட உட்கார்ந்து இரண்டு வார்த்தை சொன்னால் தீர்ந்தது.

கண்ணுக்குச் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. 1997 டிசம்பரில் ஜப்பானில் போக்கிமான் கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் பளிச் பளிச்சென்று மாறிமாறி அடித்ததில், 600-க்கும் மேற்பட்டவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பெரும்பாலோர் குழந்தைகள், சிலருக்கு வலிப்பே வந்துவிட்டது. அதற்கப்புறம் அங்கே, ‘அறையை வெளிச்சமாக வைத்து, தள்ளி உட்கார்ந்து பாருங்கள்’ என்று கார்ட்டூனுக்கு முன்னாலேயே அறிவிப்புப் போடுகிறார்கள். சாயங்காலம் விளக்கைப் போட்டுவிட்டு டி.வி.யைப் போடுங்கள். வலிப்பு வந்த குழந்தையானால் டாக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

புது டோராவைத் தமிழில் பேச வைப்பவர்களுக்கு என் விண்ணப்பம் இதுதான். சுட்டி டி.வி. டோராவுக்கு அன்றைக்குக் குரல் கொடுத்தவரையே தேடிப்பிடித்து அம்மாவாகப் பேச வையுங்கள். குரங்கின் பேரை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.