அசலும் நகலும் ஒரே ஒயரிலா? கணினியில் இரண்டாவது ஹார்டு டிஸ்க் மாட்டும் வணிகர்கள் கவனத்திற்கு



பேரேடும் நாளேடும் கையால் எழுதிய காலம் போய், இன்று சிறிய மளிகைக் கடையிலும் கணினியில்தான் பில் போடுகிறோம். கொள்முதல், விற்பனை, பாக்கி, சரக்கிருப்பு எல்லாம் ஹார்டு டிஸ்க் என்ற ஒரு சிறு பெட்டிக்குள் அடங்கிவிட்டன. ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற வணிகர் ஓர் ஆண்டின் கணக்கை, அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்னுக்கு உரிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் பாதுகாக்க வேண்டும் என்பது சட்டம். அதாவது முழுதாக ஆறு ஆண்டுகள்.

ஆகவே, பழைய டிஸ்க்கோடு இன்னொன்றையும் கணினிக்குள் பொருத்தி நகல் வைத்துக்கொள்வோர் நம்மில் பலர். நல்ல வழக்கம்தான். ஆனால், அந்த இரண்டாவது டிஸ்க்குக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று நாம் கேட்பதில்லை. மெக்கானிக் 'ஸ்ப்ளிட்டர்' என்ற பிரிப்பு ஒயரைச் செருகிவிட்டுப் போய்விடுகிறார். விலை அற்பமான அந்த ஒயர்தான் ஆறு ஆண்டுக் கணக்கையும், சில நேரம் கடையையும் காப்பதா கெடுப்பதா என்று தீர்மானிக்கிறது.

ஒயர் பிரிந்தால் மின்சாரம் பெருகாது

தண்ணீர்க் குழாயில் 'டீ' போட்டால் இரண்டு குழாயில் தண்ணீர் வரும்; தொட்டியில் தண்ணீர் கூடிவிடாது. ஸ்ப்ளிட்டரும் அப்படித்தான். கணினிக்கு மின்சாரம் பங்கிட்டுத் தரும் பெட்டியை எஸ்.எம்.பி.எஸ். என்கிறோம். அதிலிருந்து வரும் ஒயர்க் கொத்தில் மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், கறுப்பு எர்த். சில பெட்டிகளில் எல்லா ஒயரும் கறுப்பாகவே இருக்கும். நிறத்தை மட்டும் நம்பிவிடக் கூடாது.

இன்றைய டிஸ்க்குகளில் செருகும் தட்டையான பிளக்குக்கு 'சாட்டா' என்று பெயர். அதில் மொத்தம் 15 மெல்லிய பின்கள். 12 வோல்ட்டுக்கு 3 பின்கள். ஒவ்வொன்றும் தாங்குவது 1.5 ஆம்பியர். ஆக, ஒரு சாட்டா பிளக் 12 வோல்ட்டில் தாங்குவது 4.5 ஆம்பியர் மட்டுமே.

பழைய கணினிகளில் இருந்த, நான்கு தடித்த பின்கள் கொண்ட பிளக் 'மோலெக்ஸ்'. பின் தடிமனாக இருப்பதால் இது சாட்டாவை விட அதிகச் சுமை தாங்கும்.

சுமையைக் கணக்கிடுங்கள்

எடை போடாமல் நாம் லாரியில் மூட்டை ஏற்றுவதில்லை. இங்கும் அதே விதிதான். சுழலும் தட்டு உள்ள 3.5 அங்குல ஹார்டு டிஸ்க், ஓடும்போது 5 முதல் 8 வாட் வரைதான் இழுக்கும். ஆனால் சுவிட்சு போட்டதும், நின்றிருக்கும் தட்டைச் சுழற்ற 12 வோல்ட்டில் சுமார் 2 ஆம்பியர் இழுக்கும். தள்ளுவண்டியை முதலில் நகர்த்தத்தானே பலம் அதிகம் வேண்டும்?

இரண்டு டிஸ்க் ஒரே நேரத்தில் கிளம்பினால் 4 ஆம்பியர், 4.5-க்குள் அடங்குகிறது. மூன்று என்றால் 6 ஆம்பியர். சாட்டா பிளக் தாங்காது. ஆகவே ஒரு சாட்டா முனையை இரண்டாகப் பிரிக்கலாம். அதற்கு மேல் கூடாது. ஸ்ப்ளிட்டரின் வாலில் இன்னொரு ஸ்ப்ளிட்டர் மாட்டுவது அறவே கூடாது. எஸ்.எஸ்.டி. என்னும் 2.5 அங்குல டிஸ்க்கில் சுழலும் தட்டு இல்லை. அது பொதுவாக 5 வோல்ட்டில் சில வாட் மட்டுமே எடுக்கும். இரண்டு எஸ்.எஸ்.டி.க்கு ஒரு ஸ்ப்ளிட்டர் போடுவதில் சுமைப் பிரச்சினை இல்லை.

வாங்கும்போது முனையைப் பாருங்கள்

மோலெக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் ஒயர் இரண்டு விதமாக வருகிறது. ஒன்றில் சாட்டா முனை முழுதும் ஒரே பிளாஸ்டிக் வார்ப்பாக இருக்கும். ஒயர்கள் உள்ளே போவது தெரியும், எங்கே முடிகின்றன என்பது தெரியாது. பார்வைக்கு இதுதான் வழவழப்பாக இருக்கும். உருக்கிய பிளாஸ்டிக்கை அழுத்தி ஊற்றும்போது உள்ளே ஒயர் சற்றே நகர்ந்திருந்தால், 12 வோல்ட்டும் பக்கத்து ஒயரும் மயிரிழை இடைவெளியில் நிற்கும். பல மாதம் ஒழுங்காக ஓடிவிட்டுத் திடீரென ஷார்ட் ஆகி முனை உருகித் தீப்பிடித்த சம்பவங்கள் பல நாடுகளிலும் நடந்திருக்கின்றன.

மற்றொன்றில் ஒயர்கள் தனித்தனியாகப் பள்ளத்தில் அழுத்தப்பட்டு, பின்னால் ஒரு மூடி போட்டிருக்கும். ஒயர்களுக்கு இடையே உள்ள இடைவெளி கண்ணுக்குத் தெரியும். வாங்க வேண்டியது இதைத்தான். ஒயரின் மேல் 18 ஏ.டபிள்யூ.ஜி. என்று அச்சிட்டிருந்தால் நல்லது. இந்த எண் கூடக் கூட ஒயர் மெலியும் என்பதை நினைவில் வையுங்கள்.

சில எஸ்.எம்.பி.எஸ்.களில் ஒயரைக் கழற்றி மாட்டலாம். ஒரு கம்பெனிப் பெட்டியின் ஒயரை இன்னொரு பெட்டியில் மாட்டாதீர்கள். செருகும் வாய் ஒன்றுபோல இருந்தாலும், உள்ளே பின்களின் வரிசை வேறாக இருக்கலாம். சுவிட்சு போட்ட மாத்திரத்தில் டிஸ்க் கருகிவிடும்.

அசலும் நகலும் பிரிந்திருக்கட்டும்

வணிகர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இதுதான். ஸ்ப்ளிட்டரில் 12 வோல்ட் தடம் மாறி 5 வோல்ட் ஒயரில் பாய்ந்தால், அந்தக் கொத்தில் தொங்கும் எல்லா டிஸ்க்கும் ஒரே நொடியில் பழுதாகலாம். அசல் கணக்கும் நகல் கணக்கும் ஒரே ஸ்ப்ளிட்டரில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். கடைச் சாவியையும் மாற்றுச் சாவியையும் ஒரே வளையத்தில் கோத்துத் தொலைப்பது போன்றது இது.

ஆகவே முதலில் கணினியைத் திறந்து பாருங்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட ஒயர்க் கொத்து வரும். பயன்படாத முனை ஒன்று ஓரத்தில் கட்டிக் கிடக்கலாம். யாரும் தொடாத டி.வி.டி. டிரைவ் இருந்தால், அதன் பவர் முனையைக் கழற்றி இரண்டாவது டிஸ்க்குக்குக் கொடுக்கலாம். ஸ்ப்ளிட்டரே தேவைப்படாது. மதர்போர்டில் நேராகச் செருகும் எம்.2 வகை எஸ்.எஸ்.டி.க்குப் பவர் ஒயரே கிடையாது. சில கம்பெனிக் கணினிகளில் டிஸ்க்குக்கு மின்சாரம் மதர்போர்டிலிருந்தே வரும். அதில் ஸ்ப்ளிட்டர் போடும் முன் அந்தக் கம்பெனியின் சர்வீஸ் ஆட்களைக் கேட்பதே முறை.

இவற்றோடு, யு.எஸ்.பி.யில் மாட்டும் வெளி டிஸ்க் ஒன்றில் வாரம் ஒருமுறை நகல் எடுத்து வீட்டில் வையுங்கள். ஒரே பெட்டிக்குள் எத்தனை நகல் இருந்தாலும், தீக்கும் திருட்டுக்கும் அவை ஒன்றுதான்.

கேமராப் பதிவுப் பெட்டிக்கும் ஒரு வார்த்தை. டி.வி.ஆரில் ஒரு டிஸ்க்குக்கே இடம் இருந்தால், ஸ்ப்ளிட்டர் போட்டு இரண்டாவதைத் தொங்கவிடாதீர்கள். அதன் அடாப்டர் ஒரு டிஸ்க்குக்குக் கணக்கிட்டுத் தந்தது. பெரிய அளவு டிஸ்க் ஒன்றை மாற்றிக்கொள்வதே மேல்.

பொருத்தும்போது

1. கணினியையும் யு.பி.எஸ்.ஸையும் நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பிறகு பவர் பட்டனைச் சில விநாடி அழுத்தினால் தேங்கிய மின்சாரம் இறங்கும்.

2. மோலெக்ஸின் ஒரு பக்கத்து மூலைகள் சரிந்திருக்கும். திசை பார்த்துச் செருகுங்கள். திணிக்காதீர்கள். தளர்ந்த பின் சூடாகும். சூடு பிளாஸ்டிக்கை உருக்கும்.

3. ஒயரை மடக்கி நெருக்காமல், மின்விசிறியில் படாமல் கட்டுங்கள்.

4. அரை மணி நேரம் ஓடிய பிறகு, மீண்டும் நிறுத்திப் பிளக்கைப் பிடுங்கி முனையைத் தொட்டுப் பாருங்கள். முனை சுட்டாலும், பழுப்பு நிறம் ஏறியிருந்தாலும், கருகல் வாடை அடித்தாலும் அந்த ஒயரைத் தூக்கி எறிந்துவிடுங்கள்.

5. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்காதீர்கள்; பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஷாக் அடிக்கும் அளவு மின்சாரம் தங்கியிருக்கும்.

நம் கடைகளில் மாவுத் தூசி, மிளகாய்த் தூள், எலித் தொல்லை எல்லாம் உண்டு. சாக்கும் அட்டைப் பெட்டியும் கணினிக்குப் பக்கத்திலேயே கிடக்கும். ஷட்டரை இறக்கிய பிறகு உருகும் ஒயரைப் பார்க்க ஆள் இல்லை. எனவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை தூசி தட்டி, ஒயர்களைப் பார்வையிடுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

தராசுக்கு முத்திரை பார்க்கிறோம். சரக்குக்குத் தரம் பார்க்கிறோம். கணக்கைத் தாங்கும் ஒயருக்கும் அதே கண்ணோடு தரம் பார்ப்போம். அடுத்த முறை மெக்கானிக் வரும்போது, "இரண்டு டிஸ்க்கும் ஒரே ஒயரிலா இருக்கின்றன?" என்று கேளுங்கள். ஆம் என்றால், அன்றைக்கே பிரித்து மாட்டச் சொல்லுங்கள்.