ஊற்றைச் சுருக்கும் குளிசை

ராத்தாவின் மகனுக்கு ஒன்பது வயது. ஷவ்வாலில் ஹிப்ழ் மத்ரஸா விடுதியில் சேர்க்க இருந்தார்கள். ஓதலில் கெட்டிக்காரன். ஆனால் வாரத்தில் நாலைந்து இரவு பாய் நனையும். பகலிலும் அடிக்கடி சலம் போக ஓடுவான். "மத்தப் புள்ளைகள் பாத்தா என்ன செய்ற மாமா?" என்று ஒருநாள் என் காதோடு கேட்டான். குவாங்சோவுக்கு வியாபாரத்துக்குப் போய்வரும் சாச்சாவின் மகன் ஒரு சீனக் குளிசைப் போத்தலைக் கொண்டுவந்தார். "குடுக்கலாமா தம்பி?" என்றா ராத்தா. அதற்குப் பதில் தேடித்தான் இதை வாசிக்கத் தொடங்கினேன்.

சீன வைத்தியத்தில் 'சிறுநீரகம்' என்பது நாம் அறிந்த உறுப்பு மட்டுமல்ல. உடம்பின் அடிப்படைச் சூடும் அதில் தங்குகிறது. நீரைப் பிடித்துவைக்கும் கதவும் அதன் பொறுப்பு. பிள்ளைக்கு அந்தக் கதவு இன்னும் உறுதிப்படவில்லை என்பதே அவர்களின் விளக்கம். இப்னு ஸீனாவும் 'கானூன்' நூலில் இதற்குத் தசைத் தளர்ச்சியையும் ஆழ்ந்த உறக்கத்தையுமே காரணமாகச் சொன்னார். இரண்டு மரபிலும் இது பிள்ளையின் சோம்பலோ பிடிவாதமோ அல்ல. நம் வீடுகளில் இன்றும் ஈரப் பாயை முற்றத்தில் போட்டு வெட்கப்படுத்துகிறார்களே, அதற்கு எந்த வைத்தியத்திலும் இடமில்லை.

சீன வைத்தியர் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மருந்து கொடுப்பதில்லை. சலம் நிறையவும் தெளிவாகவும் போய், கைகால் குளிர்ந்திருந்தால் அது சிறுநீரகக் குளிர். கொஞ்சங் கொஞ்சமாக அடிக்கடி போய், பசியில்லாமல், எளிதில் வியர்த்துத் தடிமனும் பிடித்தால் மண்ணீரலும் நுரையீரலும் பலவீனம். மஞ்சளாக, கடும் வாடையோடு போய், பிள்ளை எரிச்சல்பட்டுத் தூக்கத்தில் பல்லைக் கடித்தால் ஈரல் சூடு.

எங்கள் போத்தலில் இருந்தது முதல் வகைக்கு உரிய 'சுவோ ச்சுவான் வான்'. 'ஊற்றைச் சுருக்கும் குளிசை' என்று பொருள். பதின்மூன்றாம் நூற்றாண்டு நூல்களிலேயே உண்டு. மூன்றே சரக்கு: ஏலக்காய்க் குடும்பத்து 'யி ச்சி ரென்' காய், கறுவாக் குடும்பத்து 'வூ யாவோ' வேர், 'ஷான் யாவோ' என்ற வள்ளிக்கிழங்கு. மூன்றும் தாவரம் என்று நிம்மதிப்பட்டேன். ஆனால் பழைய செய்முறையில் கிழங்கு மாவை மதுவில் காய்ச்சித்தான் உருட்டினார்கள். இதே நோய்க்குக் கொடுக்கும் இன்னொரு மருந்தில் கும்பிடுபூச்சியின் முட்டைக்கூடு சேர்கிறது. ஷாஃபிஈ மத்ஹபில் வெட்டுக்கிளி தவிர்ந்த பூச்சிகளை உண்ண முடியாது. ஆகவே சேர்மானம் எழுதாத போத்தலை நம்பக் கூடாது. உலமாவிடம் கேட்பதற்கும் அந்தப் பட்டியல் வேண்டுமே.

அதைவிடப் பயங்கரம் ஒன்றுண்டு. ஈரல் சூட்டுக்குக் கொடுக்கும் 'லுங் தான் ஷியே கான்' குளிசையில் நெடுங்காலம் 'குவான் மூ தொங்' என்ற கொடி சேர்ந்தது. அதிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தையே அழிக்கும், புற்றுநோயும் உண்டாக்கும். 2003இல் சீனாவே அதைத் தடை செய்தது.

வெளிப்பூச்சு முறைகளும் உண்டு. தொப்புளுக்குக் கீழே, பிள்ளையின் நான்கு விரல் அகலத்தில் 'குவான் யுவான்' புள்ளி; உள்கணுக்கால் எலும்புக்கு மேலே அதே அளவில் 'சான் யின் ஜியாவோ'. ஊசி குத்துவார்கள், மூலிகைத் தணலால் சூடு காட்டுவார்கள். வீட்டில் சூடு காட்டப் போய்த் தோலைச் சுட்டுவிட வேண்டாம். வெதுவெதுப்பான உள்ளங்கையால் அடிவயிற்றைத் தடவிவிடுவது போதும். பலன் பற்றிய ஆய்வுகள் இருக்கின்றன. பெரும்பாலானவை சிறியவை, தரம் குறைந்தவை. ஐந்து வயதில் ஏறக்குறைய ஏழில் ஒரு பிள்ளைக்கு இந்தத் தொல்லை உண்டு, ஆண்டுதோறும் அவர்களில் சுமார் 15 வீதம் மருந்தில்லாமலே குணமாகிறார்கள். அந்த வருடம் என்ன கொடுத்தோமோ அதற்கே பேர் போய்ச் சேரும்.

முதலில் மருமகனை டொக்டரிடம் கூட்டிப்போனோம். பகலிலும் அடிக்கடி சலம் போனால், அல்லது காய்ந்த பாய் திடீரென்று நனையத் தொடங்கினால், கூடவே தாகமும் மெலிவும் இருந்தால், அது சீனியாக இருக்கலாம். எரிவும் காய்ச்சலும் என்றால் கிருமி. இரண்டுக்கும் சலப் பரிசோதனை உடனே வேண்டும். அவனுக்கு இரண்டும் இல்லை, மலச்சிக்கல்தான் இருந்தது. நிறைந்த குடல் பையை நெருக்கும் என்றார் டொக்டர். பப்பாசி, கீரை, பகலில் போதிய தண்ணீர். மஃரிபுக்குப் பின் தேத்தண்ணி இல்லை. படுக்குமுன் ஒருமுறை சலம். ராத்தா தன் பங்குக்கு அடிவயிற்றைத் தடவி விட்டா. போத்தல் இன்னும் உடைக்காமல் அலுமாரியில் கிடக்கிறது.

ஷவ்வாலில் போனான். மாதத்தில் இரண்டொரு இரவு இன்னும் நனையும். பையில் ஒரு ரப்பர் விரிப்பு இருக்கிறது. ஹஸ்ரத்துக்கு மட்டும் சொல்லி வைத்திருக்கிறோம்.