ஏரியைக் கெடுக்கும் சருகு!

மரத்திலிருந்து ஓர் இலை உதிர்கிறது. காற்றில் ஆடி ஆடித் தெருவில் வந்து விழுகிறது. இதனால் யாருக்கு என்ன நஷ்டம்?

ஓர் ஏரிக்கே நஷ்டம் என்கிறார்கள் விஞ்ஞானிகள்!

அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தின் தலைநகரம் மேடிசன். மெண்டோட்டா, மொனோனா என்ற இரண்டு ஏரிகளுக்கு நடுவே ஒரு குறுகிய நிலத்தில் அமைந்த அழகிய நகரம் அது. கோடை வந்தால் மக்கள் ஏரிக்கரைக்கு வந்துவிடுவார்கள். நீந்துவார்கள், படகு விடுவார்கள், தூண்டில் போடுவார்கள்.

ஆனால், சில நாட்களில் ஏரித் தண்ணீர் பச்சைச் சாயம் கரைத்தது போல் ஆகிவிடும். எல்லாம் பாசி! அதில் ஒரு வகை நஞ்சு கக்கும். அப்போது குளிக்கும் துறைகளை மூடிவிடுவார்கள். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே குழந்தைகள் வீடு திரும்ப வேண்டியதுதான்.

தீனி எங்கிருந்து?

பாசிக்குத் தீனி பாஸ்பரஸ் என்னும் சத்து. சுத்தம் செய்த சாக்கடை நீரைக்கூட ஏரிகளில் விடாமல், 1958-லேயே வேறு ஓடைக்குத் திருப்பிவிட்டார்கள். ஆனாலும் பாசி ஒழியவில்லை. சுற்றுவட்டாரப் பண்ணைகளின் எருவும் உரமும் மழையில் அடித்து வந்தன. இது பெரும் பங்கு. நகரத்தின் பங்கு, தெருக்களின் வழியாக வந்தது.

தேயிலையை வெந்நீரில் போட்டால் சாறு இறங்குகிறதல்லவா? மழைநீரில் ஊறும் சருகும் அப்படித்தான். மண்ணில் கிடந்தால் அந்தச் சத்து மண்ணுக்கே உரம். தெருவில் கிடந்தால்? வண்டிச் சக்கரங்கள் அதை நசுக்கும். சாறு மழைநீர்க் கால்வாயில் இறங்கும். அங்கிருந்து பெரும்பாலும் சுத்தம் செய்யப்படாமலே ஏரிக்குப் போய்விடும்.

இரண்டு குடியிருப்புகள்

அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையினர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மேடிசனில் ஒரு குடியிருப்பில், இலையுதிர் காலத்தில் ஒவ்வொரு மழைக்கும் முன்பு தெருச் சருகை அகற்றினார்கள். இன்னொன்றில் அப்படியே விட்டுவிட்டார்கள். இரண்டு இடங்களிலும் ஓடிய மழைநீரை எடுத்து அளந்தார்கள்.

முடிவு 2016-ல் வெளியாயிற்று. சருகு அகற்றிய இடத்தில், இலையுதிர் காலத்தில் பாஸ்பரஸ் 84 சதவிகிதம் குறைந்திருந்தது! அகற்றாத இடத்திலோ, பனிக்காலம் நீங்கலாக ஆண்டு முழுவதும் ஓடிய பாஸ்பரஸில் 56 சதவிகிதம் அந்தச் சருகிலிருந்தே வந்திருந்தது.

துடைப்பம் போதும்

நகராட்சி லாரிகள் ஒவ்வொரு மழைக்கும் முன்பு எல்லாத் தெருக்களுக்கும் போய்வர முடியுமா? முடியாது. ஆகவே, ‘மழைக்கு முன்னால் உங்கள் வீட்டெதிரே தெருவோரச் சருகை வாருங்கள்’ என்று மக்களையே கேட்டுக்கொள்கிறார்கள். வாரிய சருகைக் கால்வாயில் தள்ளிவிடக் கூடாது. தெருவிலும் குவிக்கக் கூடாது. புல்தரையில் குவிக்கலாம், தோட்டத்தில் மக்கவைத்து எருவாக்கலாம்.

பெரிய இயந்திரம் வேண்டாம், பணமும் வேண்டாம். ஒரு துடைப்பம், சிறிது நேரம். ஆனால், வானம் இருட்டுவதற்குள் செய்துவிட வேண்டும். முதல் தூறல் விழுந்துவிட்டால், சருகின் சாறு ஏரிக்குப் புறப்பட்டுவிடும்!