ஸ்பெயினில் ஈமானைக் காத்த குடும்பங்கள்

1492இல் கிரனடா வீழ்ந்து ஸ்பெயினில் முஸ்லிம் ஆட்சி முடிந்தது நமக்குத் தெரியும். அதன் பிறகும் அங்கேயே தங்கிய சாதாரணக் குடும்பங்கள் என்ன ஆயின என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை.

சரணடைந்தபோது எழுதிய ஒப்பந்தம் தொழுகைக்கும் பள்ளிவாசல்களுக்கும் பாதுகாப்புத் தந்தது. பத்தாண்டுகூட அது நிற்கவில்லை. 1499இல் கட்டாய ஞானஸ்நானம் தொடங்கியது. 1502இல் 'மதம் மாறு, இல்லையேல் வெளியேறு' என்று ஆணை வந்தது. வெளியேறும் வழிகளையும் நெருக்கினார்கள். 1567 ஆணை வீட்டுக்குள்ளேயே நுழைந்தது. அரபு பேசக்கூடாது, பெண்கள் முகத்திரை அணியக்கூடாது, வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக் கதவு திறந்தே இருக்க வேண்டும். யாரும் உள்ளே தொழுகிறார்களா என்று பார்க்கத்தான்!

ஹிஜ்ரத் செய்வதே கடமை என்று ஃபெஸ் நகரத்து அறிஞர் அல்வன்ஷரீஸி முன்பே தீர்ப்பளித்திருந்தார். கப்பலேற வழியில்லாதவர் என்ன செய்வார்? அவர்களுக்காக 1504இல் மாலிகி அறிஞர் அஹ்மத் இப்னு அபீ ஜும்ஆ எழுதியதே 'ஓரான் ஃபத்வா'. அதில் அவர் அவர்களைக் குற்றம் சாட்டவில்லை. 'குரபா', அதாவது அந்நியர்களாகிப் போனவர்கள், என்று பரிவோடு அழைத்தார். வெளிப்படையாகத் தொழ முடியாவிட்டால் சைகையால் தொழுங்கள். பகலில் தடுத்தால் இரவில் தொழுங்கள். ஒளுவுக்கு வழியில்லையா, சுவரைத் தடவித் தயம்மும் செய்யுங்கள். ஜகாத்தை ஏழைக்கு அன்பளிப்புப் போலக் கொடுங்கள். மதுவைக் குடிக்கக் கட்டாயப்படுத்தினால், அது ஹராம் என்று உள்ளத்தில் உறுதியாக இருங்கள்.

நிர்ப்பந்தத்துக்கு உள்ளானவரின் நிலையைச் சொல்லும் அந்நஹ்ல் 106ஆம் வசனத்தை நாமும் ஓதுகிறோம். ஆனால் இந்தச் சலுகை உயிருக்கு அஞ்சியவர்களுக்கானது. அலுவலகத்தில் தொழக் கூச்சமாக இருக்கிறது என்பவர் இதை ஆதாரமாக்க முடியாது.

அரபு மொழி மறந்துபோன பிள்ளைகளுக்காக, ஸ்பானிய மொழியையே அரபு எழுத்தில் எழுதினார்கள். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நம் உம்மம்மாமார் ஓதிய அரபுத்தமிழ் நினைவுக்கு வருகிறதல்லவா? நம்மவர்கள் அச்சமின்றி எழுதினார்கள். அவர்கள் ஒளித்து ஒளித்து எழுதினார்கள். ஓரான் ஃபத்வாவையும் அப்படியே பெயர்த்து வைத்துக்கொண்டார்கள்.

1609 முதல் 1614 வரை சுமார் 3 லட்சம் பேரை நாடு கடத்தினார்கள். ஞானஸ்நானம் பெற்றுச் சில தலைமுறைகள் கடந்த பிறகும் அரசு அவர்களை நம்பவில்லை. 1884இல் அல்மொனாசித் தே லா சியெர்ரா என்ற ஊரில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது, போலித் தரைக்கு அடியிலிருந்து அந்தக் கையெழுத்துப் புத்தகங்கள் வெளிவந்தன. ஒளித்து வைத்தவர்கள் போய் 270 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.