மகளின் அறைக்கு வர்ணம் பூசுமுன்

புதிய வீட்டிற்குக் குடிபுகும் குடும்பங்களில், மூட்டைகளை அவிழ்த்து முடிப்பதற்குள்ளாகவே சிறுமியின் விண்ணப்பம் ஒன்று எழுவதுண்டு. தன் அறைக்கு ரோஜா வர்ணம் வேண்டும், சன்னலுக்கு மஞ்சள் வேண்டும் என்பாள். நாமும் திரைச்சீலைக்கும் கட்டிலுக்கும் அளவெடுக்கத் தொடங்கிவிடுகிறோம். அதற்கு முன்னர், அந்த அறையின் பழைய வர்ணம் எத்தகையது என்பதை அறிந்துகொள்ளுதல் நலம்.

பெங்களூரில் இதற்குத் தனிக் காரணம் உண்டு. உத்தியோக மாற்றலால் வந்து வாடகைக்குக் குடியிருப்போர் இங்கே மிகுதி. ஒருவர் காலி செய்யும்போது, வர்ணம் பூசுவதற்கென ஏறத்தாழ ஒரு மாத வாடகையை முன்பணத்தில் பிடித்துக்கொள்வதும் இந்நகரில் பரவலான வழக்கம். ஆகவே மல்லேசுவரம், பசவனகுடி, அல்சூர் போன்ற பழைய பகுதிகளின் வீடுகளில், கதவிலும் சன்னல் கம்பியிலும் பூச்சின்மேல் பூச்சாகப் பல அடுக்குகள் படிந்திருத்தல் இயல்பே. அடியிலுள்ள அடுக்குகளில் காரீயம் கலந்திருக்கக் கூடும்.

தமிழில் ஈயம் என்னும் சொல் இரண்டு உலோகங்களைக் குறிக்கும். நம் இல்லங்களில் ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. நாம் இங்கே கூறுவது காரீயத்தைப் பற்றி. பளிச்சென்ற மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களைப் பெறவும், பூச்சு விரைவில் உலரவும் எண்ணெய் கலந்த எனாமல் வர்ணங்களில் காரீயச் சேர்மங்களைச் சேர்த்து வந்தனர். சுண்ணாம்பிலும், நீரில் கரைத்துப் பூசும் சுவர் வர்ணங்களிலும் இக்கலப்பு பெரும்பாலும் இல்லை. எனவே சுவரைவிடக் கதவு, சன்னல், கம்பி, பழைய கட்டில் ஆகியவற்றையே நாம் முதலில் ஐயுற வேண்டும்.

காரீயம் உடலில் புகுந்தால், சுண்ணாம்புச் சத்தைப் போல எலும்பிலும் பல்லிலும் சென்று தங்கிவிடுகிறது. வளரும் மூளையை அது பாதிக்கிறது. கற்கும் திறனும் கவனமும் குறைகின்றன. விழுங்கிய காரீயத்தில், பெரியவரின் உடல் ஏற்பதைப் போல நான்கைந்து மடங்கைக் குழந்தையின் உடல் ஏற்கிறது. தீங்கற்றது என்று கூறத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. வெளிப்படையான நோய்க்குறி ஏதுமின்றியே இக்கேடு நிகழக்கூடும் என்பதுதான் கவலைக்குரியது.

இச்செய்தி புதியதன்று. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் லாக்கார்ட் கிப்சன் என்னும் மருத்துவர், சிறுவர்களுக்கு நேர்ந்த காரீய நஞ்சுக்குத் தாழ்வாரக் கம்பிகளிலும் அறைச் சுவர்களிலும் பூசிய வர்ணமே காரணம் என்று 1904-இல் எடுத்துரைத்தார். அமெரிக்காவில் வீட்டு வர்ணங்களில் காரீயத்திற்குத் தடை வந்தது 1978-இல்தான். நம் நாட்டில் இப்பொருள் பற்றிய அனைத்துலக மாநாடு 1999 பிப்ரவரியில் பெங்களூரிலேயே கூடியது. காரீயம் கலந்த பெட்ரோல் 2000-இல் விலக்கப்பட்டது. வீட்டு வர்ணத்தில் பத்து லட்சம் பங்கிற்குக் காரீயம் 90 பங்கைத் தாண்டலாகாது என்னும் மத்திய அரசின் விதி 2016-இல் வெளியாகி, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. கடையில் புதிய டப்பாவை வாங்கும்போது, இவ்வளவைக் குறிக்கும் வாசகம் அதன்மேல் உள்ளதா என்று படித்துப் பார்க்கலாம்.

இனி, செய்யவேண்டுவன யாவை? பழைய பூச்சு உரியாமலும் வெடிக்காமலும் இருந்தால், அதைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதிய பூச்சைப் பூசிவிடலாம். உரிந்திருக்குமாயின், தண்ணீர் தெளித்து ஈரமாக்கிய பின்னரே சுரண்ட வேண்டும். உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் நஞ்சு கலந்த தூள் வீடெங்கும் பரவும். தீயால் வாட்டினால் ஆவியாகிக் காற்றில் கலக்கும். வேலை முடியும்வரை குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் வீட்டில் இராதிருத்தல் வேண்டும். வேலையாட்களுக்கு முகக்கவசம் அளிப்பதும் நம் கடமையே. அவர்கள் உடையோடு அத்தூள் அவர்கள் பிள்ளைகளையும் சென்றடையும். தரையில் விரிப்பு இட்டு, விழுந்த செதில்களை அதிலேயே சுருட்டி அகற்றுக. பின்னர் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் இருமுறை துடைத்தல் நன்று.

திறந்து மூடும்போது உராயும் சன்னல் விளிம்பில் தூள் ஓயாமல் உதிரும். ஆகவே கட்டிலைச் சன்னலை விட்டுத் தள்ளிப் போடுவது தக்கது. குழந்தை முன்னரே பூச்சுச் செதில்களை வாயிலிட்டிருக்கக் கூடும் என்ற ஐயம் எழுந்தால், மருத்துவரிடம் கூறி இரத்தத்தில் காரீய அளவைச் சோதித்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் முடிந்த பின் அலங்காரத்திற்கு வருவோம். மைசூர்ச் சாலையில் ஏறத்தாழ அறுபது கிலோமீட்டரில் உள்ள சன்னபட்டணம் மரப்பொம்மைக்குப் பேர்பெற்ற ஊர். வெட்பாலை மரத்தைக் கடைசலில் சுழற்றி, வர்ணம் சேர்த்த அரக்கை அதன்மேல் அழுத்தி உருகச் செய்து, தாழை மடலால் மெருகேற்றுகின்றனர். மஞ்சள் முதலிய தாவரச் சாயங்களால் ஆனவற்றைக் கேட்டு வாங்கினால், அறையின் அலமாரிக்கு அவையே அழகு. சிறுமி விரும்பிய ரோஜா வர்ணத்தைச் சுவருக்குத் தாராளமாகப் பூசலாம். நீரில் கரையும் வர்ணமாக அது இருக்கட்டும். அவள் கை எட்டும் உயரத்திலுள்ள ஒவ்வொரு கம்பியையும் விளிம்பையும் நாம் ஒருமுறை பார்த்துவிட்டோமா என்பதே, பெட்டியை அவ்வறைக்குள் கொண்டு வைக்குமுன் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா.