மூச்சும் முராக்கபாவும்

'பாலூஸ் மைண்ட்ஃபுல்னஸ்' என்பது அமெரிக்கரான டேவ் பொட்டர் தயாரித்த இணையவழிக் கற்கைநெறி. எட்டு வாரம், ஒரு சதமும் கட்டணமில்லை. வீடியோ, வாசிப்பு, தினசரிப் பயிற்சி என்று வாரத்துக்கு வாரம் நகரும். பலாங்கொடைப் பக்கத் தோட்டப் பாடசாலையொன்றில் படிப்பிக்கும் நான், இரவில் சிக்னல் கிடைக்கும் நேரமாகப் பார்த்து அதைப் படித்து முடித்தேன். "மகன், இது பன்சலையில செய்ற பாவனாதானே? நமக்குக் கூடுமா?" என்று உம்மா கேட்டார். எமது வாசகர் பலருக்கும் இதே கேள்வி வரும்.

உம்மா கேட்டதில் பாதி சரி. அந்த ஆங்கிலச் சொல்லுக்கே இலங்கைத் தொடர்புண்டு. 19ஆம் நூற்றாண்டில் இங்கே சிவில் சேவையில் இருந்த ரீஸ் டேவிட்ஸ், பாளியின் 'சதி'யை (எமது தமிழ்ச் சதியல்ல) 1881இல் அப்படி மொழிபெயர்த்தார். பௌத்தத் தியானத்திலிருந்து மதச் சடங்கை விலக்கி, தீராத வலியுள்ள நோயாளிகளுக்கான பயிற்சியாக 1979இல் மசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் தொடங்கியவர் ஜோன் கபட்-சின். பொட்டரின் பாடம் அந்த வழியில் வந்தது.

தொடக்கப் பயிற்சிகளில் ஒன்று, உலர்ந்த முந்திரிகைப் பழமொன்றை (நாங்கள் பிளம்ஸ் என்போமே, அதுதான்) பார்த்து, தடவி, மணந்து, மெதுவாகச் சாப்பிடுவது. பிறகு மூச்சைக் கவனிப்பது. மனம் ஓடும், ஓடியதைக் கண்டுகொண்டு, தன்னைத் திட்டாமல், திரும்பக் கூட்டிவர வேண்டும். தக்பீர் கட்டியதும் கடைக்கணக்கும் டியூஷன் காசும் ஞாபகம் வருகிற நமக்கு இந்த ஓட்டம் நல்ல பழக்கம்.

ஆனால் நம் மரபில் கவனம் தனியாக நிற்பதில்லை. இமாம் கஸ்ஸாலி 'இஹ்யா'வின் 38ஆம் பாகத்தை முராக்கபாவுக்கும் முஹாஸபாவுக்கும் ஒதுக்கினார். அங்கே அவர் சொல்லும் உவமை வியாபாரம்! கூட்டாளியிடம் முதலைக் கொடுக்கிறவன் முதலில் நிபந்தனை பேசுவான், பிறகு கண்காணிப்பான், கடைசியில் கணக்குப் பார்ப்பான். நஃப்ஸோடும் அப்படித்தான்: காலையில் நிபந்தனை, பகலில் முராக்கபா, இரவில் முஹாஸபா. கணக்கில் குறைந்தால் கண்டிப்பும் உண்டு. இணையப் பாடத்தில் கண்காணிப்பு இருக்கிறது, கணக்கு இல்லை. அதைவிடப் பெரிய வித்தியாசம், அங்கே நான் என் மூச்சைப் பார்க்கிறேன். முராக்கபாவில் அல்லாஹ் என்னைப் பார்க்கிறான் என்ற நினைவில் இருக்கிறேன். கல்தொட்டைப் பாதையிலுள்ள ஜெய்லானிக் குகையில் முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி தியானித்தார்கள் என்று நம்பி இந்த மாவட்டத்துக்கு ஸியாரத் வருகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

எனவே மூச்சுப் பயிற்சியை நான் இபாதத்தாக எடுக்கவில்லை, நடைப்பயிற்சி மாதிரித்தான் எடுத்தேன். மார்க்கத் தீர்ப்பை ஆலிம்களிடம் கேளுங்கள்.

பயன் உண்டா? 47 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் வந்த மதிப்பீடு, பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றில் மிதமான பலனைக் கண்டது. மருந்தையோ உடற்பயிற்சியையோ விடச் சிறந்தது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை.

பாடம் அமைதியான அறையொன்றைக் கேட்கிறது. ஒரே லயக் காம்பராவில் ஆறு பேர் படுக்கிற வீட்டில் அதற்கு எங்கே போவது? கொழுந்து பறிக்கும் தாயொருவரிடம் இதைச் சொன்னபோது சிரித்தார்: "சேர், பத்து நிமிசம் யாரும் கூப்பிடாம சும்மா குந்த விட்டாலே எனக்குப் போதும்." அவர் சொன்னது நியாயம். கொழுந்தின் கிலோக் கணக்கும் கூரை ஒழுக்கும் நெஞ்சை அழுத்தும்போது, மூச்சைக் கவனி என்பது சம்பளத்துக்கும் வீட்டுக்கும் பதிலாகாது. 2021இல் ஆயிரம் ரூபா நாட்சம்பளம் வந்தது, பல வருடம் கேட்டுப் போராடியதால்.

வகுப்பில் நான் எடுத்துக்கொண்டது சின்ன விஷயம்: கணிதப் பாடத்துக்கு முன் மூன்று நிமிட மௌனம். பிள்ளைகள் முதல் வாரம் சிரித்தார்கள், இப்போது அவர்களே ஞாபகப்படுத்துகிறார்கள். தூக்கமும் சாப்பாடும் அற்றுப்போன நிலையில் இருப்பவர்கள் இந்தப் பாடத்தோடு நின்றுவிடாமல் ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போக வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி இலக்கம் 1926.