கருப்பே அழகு, கண்ட களிம்பு எதற்கு?



"கருப்பே அழகு, காந்தலே ருசி" என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். ஆனால் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் அந்தப் பழமொழி எங்கே போய் ஒளிந்துகொள்கிறதோ தெரியவில்லை. "பொண்ணு நல்ல பொண்ணுதான், கொஞ்சம் கலர் கம்மி" என்று யாராவது ஓர் அத்தை சொல்லிவிட்டால் போதும். மறுவாரமே சிறிய டப்பா ஒன்று வீட்டுக்கு வந்துவிடும். லூனாஸானாலும் பாடாங் செராயானாலும் கூலிமானாலும் இதே கதைதான். முன்பெல்லாம் இரவுச் சந்தைக்குப் போய் வாங்கினோம். இப்போது கைப்பேசியைத் தட்டினால் வாசலுக்கே வருகிறது. "ஏழே நாளில் வெள்ளை" என்று மேலே எழுதியிருக்கும். கூடவே "இயற்கை மூலிகை, ஆயுர்வேதம்" என்றும் எழுதியிருக்கும்.

ஆயுர்வேதம் உண்மையில் என்ன சொல்கிறது என்று பார்ப்போமா?

சரகர் கருப்பை நோய் என்று சொல்லவில்லை

ஆயுர்வேதத்தின் மூல நூல்களில் ஒன்று சரக சம்ஹிதை. அதில் மனித உடலின் இயற்கையான நிறங்கள் நான்கு என்று கூறப்பட்டுள்ளது. கருப்பு, மாநிறம், மாநிறத்துக்கும் வெளுப்புக்கும் நடுவிலுள்ள நிறம், வெளுப்பு ஆகியவையே அவை. முதலில் வைத்து எண்ணப்படுவது கருப்பு! நோயினால் உண்டாகும் நிறங்களை நூல் தனியே சொல்கிறது. நீலம், செம்பு நிறம், பச்சை முதலியவற்றோடு, இயற்கைக்கு மாறான வெள்ளையும் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது.

இன்றைய விஞ்ஞானமும் இதற்கு ஒத்தே பேசுகிறது. தோலுக்கு நிறம் தரும் பொருள் மெலனின். அதை உண்டாக்கும் உயிரணுக்கள் வெள்ளைக்காரருக்கும் நமக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கைதான். நம் தோலில் அவை மெலனினைக் கூடுதலாகச் செய்கின்றன. வெயிலின் கடுமையை ஓரளவு தாங்கும் குடை அது. ஆகவே நிறத்துக்கு மருந்து தேவையில்லை. தோலுக்குத்தான் பராமரிப்பு தேவை.

டப்பாவுக்குள் என்ன?

சில களிம்புகள் பூசிய சில நாளிலேயே முகத்தை வெளுக்க வைக்கின்றன. எப்படி? அவற்றில் பாதரசம் கலந்திருக்கும். அது மெலனின் உண்டாவதைத் தடுத்துவிடும். ஆனால் முகத்தில் பூசிய பாதரசம் முகத்தோடு நிற்பதில்லை. தோல் வழியே உள்ளே போய்ச் சிறுநீரகத்தையும் நரம்பையும் தாக்குகிறது.

இதற்குச் சான்று, ஆயுர்வேதத்துக்கே பேர்போன ஊரிலிருந்து வந்திருக்கிறது. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் உள்ள கோட்டக்கல்லில்தான் 1902இல் ஆரிய வைத்தியசாலை தொடங்கப்பட்டது. அதே ஊரின் ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனையில் 2021 சூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அந்நோயின் அரிய வகை ஒன்று இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் வெள்ளையாக்கும் களிம்பு பூசியவர்கள்! களிம்பை நிறுத்தியதும் பெரும்பாலோர் தேறிவிட்டார்கள் என்பது ஆறுதலான செய்தி.

பாதரசத்துக்கு எதிரான மினமாத்தா உலக உடன்படிக்கை, பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் உள்ள அழகுப் பொருள்களுக்கு 2020ஐக் கெடுவாக வைத்தது. பாதரசம் சேர்த்த அழகுப் பொருள் எதுவுமே 2025க்குப் பின் கூடாது என்று 2023இல் மேலும் இறுக்கியது. நம் நாட்டிலும் சுகாதார அமைச்சின் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம், பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெடினோயின், ஸ்டீராய்டு மருந்து ஆகியவை கலந்த களிம்புகளைப் பெயர் சொல்லி எச்சரித்து வருகிறது. பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் நெடுங்காலமாக இதைச் சொல்லி வருகிறது.

எனவே டப்பாவை வாங்குமுன் திருப்பிப் பாருங்கள். செய்தவர் பெயர், முகவரி, கலந்துள்ள பொருள்கள் எல்லாம் இருக்கிறதா? 'என்.ஓ.டி.' என்னும் ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் அறிவிப்பு எண்ணைக் கேளுங்கள். அந்த எண் இன்னும் செல்லுமா என்பதை நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் பார்க்கும்படி பிள்ளைகளிடம் சொல்லுங்கள். கலப்படம் கண்டு ரத்து செய்யப்பட்ட எண்களும் உண்டு.

ஏற்கனவே பூசி வருகிறீர்களா? கை நடுக்கம், தூக்கமின்மை, கால் வீக்கம், நுரைத்த சிறுநீர் இருந்தால் களிம்பை நிறுத்துங்கள். டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். கர்ப்பிணிகள் அறிகுறி தெரியும்வரை காத்திருக்கவே கூடாது. அம்மா பூசிய பாதரசம் துண்டு, தலையணை வழியாகப் பிள்ளைக்கும் ஒட்டும்.

நம் அடுக்களையில் இருப்பது

நலுங்கு மாவை வீட்டிலேயே செய்யலாம். பாசிப்பயறு அரைக் கிலோ, உலர்ந்த ஆவாரம்பூ 50 கிராம், பூலாங்கிழங்கு 50 கிராம், கஸ்தூரி மஞ்சள் 25 கிராம், வெட்டிவேர் 25 கிராம். வெயிலில் நன்றாகக் காயவைத்து, மாவாக அரைத்து, சலித்து, ஈரம் புகாத டின்னில் வையுங்கள். தண்ணீரில் குழைத்துப் பூசி, காய்ந்து இறுகுவதற்கு முன்பே கழுவிவிடுங்கள். அழுத்தித் தேய்க்காதீர்கள். நம் தோலில் சிராய்ப்பு பட்டால் அந்த இடம் மேலும் கருத்துப் போகும்.

எண்ணெய்க் குளியலை மறந்துவிடாதீர்கள். நாள்தோறும் எண்ணெய் தேய்ப்பது நல்லது என்றும், குறிப்பாகத் தலை, காது, உள்ளங்கால் மூன்றுக்கும் தேய்க்க வேண்டும் என்றும் அஷ்டாங்க ஹிருதயம் சொல்கிறது. சளியும் அஜீரணமும் உள்ளபோது வேண்டாம் என்றும் அதுவே எச்சரிக்கிறது. வாரம் ஒருநாளாவது நல்லெண்ணெயை இளஞ்சூட்டில் தேய்த்து அரைமணி நேரம் கழித்துக் குளியுங்கள். மற்ற நாட்களில் குளித்த ஈரம் காயுமுன் கை கால்களில் சிறிது தேங்காய் எண்ணெய் தடவினால் வறட்சி குறையும். முகப்பரு உள்ளவர்கள் முகத்தில் எண்ணெய் தடவ வேண்டாம்.

சோற்றுக்கற்றாழையை வெட்டினால் முதலில் மஞ்சள் நீர் வடியும். அது அரிப்பைத் தரும். அதை வடியவிட்டு, உள்ளிருக்கும் சோற்றைப் பலமுறை கழுவிய பிறகே பூசுங்கள்.

எதையும் முதலில் முழங்கை மடிப்பில் பூசி ஒருநாள் பொறுத்துப் பாருங்கள். எலுமிச்சைச் சாறு பூசிக்கொண்டு வெயிலில் போகாதீர்கள். கொப்புளம் போட்டுத் தழும்பாகிவிடும். சிலர் நலுங்கு மாவில் கார்போக அரிசி சேர்ப்பார்கள். அதுவும் வெயில் பட்டால் தோலைச் சுடும்.

செம்பனைக் காட்டில் மருந்து அடிக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. தோலையும் நகத்தையும் கெடுத்த பாராகுவாட் களைக்கொல்லிக்கு 2020 சனவரி 1 முதல் நம் நாட்டில் தடை. மற்ற மருந்துகளுக்கும் கையுறை, நீளக்கை சட்டை அவசியம். வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் குளித்த பிறகு பிள்ளையைத் தூக்குங்கள்.

எந்தக் கருப்பைக் கவனிக்க வேண்டும்?

மங்கு என்றதும் மரத்தில் பால் பிடிக்கும் மங்கு என்று எண்ணிவிடாதீர்கள்! கன்னத்திலும் நெற்றியிலும் படரும் கருந்திட்டுக்கும் அதுதான் பெயர். கர்ப்ப காலத்தில் வரும், வெயிலில் கூடும். பிரசவத்துக்குப் பின் பலருக்குத் தானே மங்கிவிடும். தொப்பியும் முக்காடும் நல்ல மருந்து.

பிள்ளையின் பின்கழுத்தும் அக்குளும் தடித்துக் கருத்திருந்தால் அழுக்கு என்று நாரை வைத்துத் தேய்க்கிறோம். தேய்த்தால் போகாது. இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளமாக அது இருக்கக்கூடும். மலேசியாவின் மூன்று பெரிய இனங்களில் இந்தியரிடையேதான் நீரிழிவு அதிகம் என்று 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வு காட்டியது. பிள்ளையைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போய் இரத்தத்தில் சர்க்கரை பாருங்கள். நிறம் குறைந்த தேமலில் தொட்டால் உணர்ச்சி இல்லை என்றால், அதையும் தாமதிக்காமல் காட்டுங்கள்.

1975இல் இந்தியாவில் வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' 2020இல் 'குளோ அண்ட் லவ்லி' ஆகிவிட்டது. கம்பெனியே பெயரை மாற்றிக்கொண்டது. நம் வீட்டுப் பேச்சை நாம் மாற்றக்கூடாதா? இனி யாராவது "கலர் கம்மி" என்றால், "பிள்ளைக்கு உடம்பு நல்லா இருக்கு அத்தை, நிறமும் நல்லா இருக்கு" என்று மகளின் காதில் விழும்படி சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லைக் கேட்டு வளரும் பெண், எந்த டப்பாவையும் தேடிப் போகமாட்டாள்.